குதிரானுக்கு அடியில் சொன்ன சொல்

தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டதுமே என்னைக் கதவு திறக்க ஓடவைத்த அப்பாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உங்களைப் பார்க்க வந்தோம். கல்லைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் நின்று எரிந்தது. உங்களுடையது மட்டும் அணைந்து அணைந்து போனது. அம்மா மறுபடியும் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டே, "கோவத்தப் பாரு உங்கொப்பனுக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

உங்களுக்குக் கோபமா அப்பா?

தெரியாமல் இருக்காது. அந்தோணியார் கோயிலில் வாசித்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "மரித்த ஆரோக்கியசாமியின் கைம்பெண் ஸ்டெல்லாவும்" என்று சாமியார் வாசித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் பெயரை அவ்வளவு பெரிய ஒலிபெருக்கியில் நான் கேட்டது அப்போதுதான், அதுவும் 'மரித்த' என்ற சொல்லோடு சேர்த்து. அதற்கடுத்து சேவியரின் பெயர் வந்தது. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்றார். இரண்டு ஞாயிறு இரண்டு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவது. அதுவும் முடிந்தால் கல்யாணம்தான்.

உங்களோடு இரண்டாவது டிரைவராக ஓடிய அதே சேவியர்தான். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு திருச்சூருக்கும் கொச்சிக்கும் நீங்கள் மாற்றி மாற்றி ஓட்டிப்போன அதே வண்டியைத்தான் இன்னும் ஓட்டுகிறார். பெண் அமையாமலே இருந்துவிட்டார். பேச்சை எடுத்தது அம்மா இல்லை, அவரும் இல்லை. உங்கள் தங்கை, என் அத்தைதான். "என்ற அண்ணன் போயிட்டான். அதுக்காக இவளும் ஊட்டுக்குள்ளயே கெடந்து போவோணுமா" என்று கேட்டுவிட்டு, இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசியதும் அத்தைதான்.

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "உனக்கு மனசு இல்லீன்னா வேண்டாஞ் சாமி. வாயத் தொறந்து சொல்ல வேண்டாம். மூணாவது ஓலை வாசிக்கறப்ப எந்திரிச்சு வெளிய போயிரு. நான் புரிஞ்சுக்கறேன்."

நான் பேசமாட்டேன் என்று தெரிந்து, பேசாமலேயே மறுப்பதற்கு ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறாள். சரி என்று சொல்வதற்கு அப்படி ஒரு வழி இல்லை அப்பா. சும்மா உட்கார்ந்திருந்தால் அது சரி என்று ஆகிவிடுமா?

நீங்கள் போன பிறகு நான் இன்னும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த காலத்தில் நீங்கள் போனீர்கள். திறந்தபோது நான் திரும்பிப் போகவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், டீச்சர் வீட்டுக்கே வந்தார். எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவப்படுவார்கள் என்ற பயம் எனக்கு. இப்போது பள்ளிபாளையத்திலேயே துண்டு மடித்துப் பாக்கெட் போடுகிற வேலை. பக்கத்துக் குடோனில் நாளெல்லாம் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்குள் நான் எனக்கு வேண்டியதையெல்லாம் பேசிக்கொள்வேன். உதடு அசைவதுகூட யாருக்கும் தெரியாது. உங்களோடுதான் நிறையப் பேசியிருக்கிறேன்.

எனக்கு இப்போதிருக்கும் கஷ்டம் ஒரு சொல்.

சின்ன வயதிலிருந்து சேவியரை நான் 'மாமா' என்றுதான் கூப்பிட்டேன். அது நீங்கள் வைத்த முறை. யாரைப் பார்த்தாலும் உங்களுக்கு 'மாப்ள'தான். அவர் உங்களை 'மச்சான்' என்றார், அம்மாவை 'அக்கா' என்றார். லாரி ஸ்டாண்டில் எல்லாரும் எல்லாருக்கும் மாப்பிள்ளையும் மச்சானும்தான் என்று நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது பாருங்கள், அது எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று.

ஓலை எழுதிக் கொடுத்த அன்றைக்கு அத்தை என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "இனி மாமான்னு கூப்புடாத. மாமன்னா உங்கம்மாகூடப் பொறந்தவன் ஆயிருவான். கூடப் பொறந்தவனையா ஒருத்தி கட்டிக்குவா? சித்தப்பான்னு கூப்புடு." அடுத்து வாசலில் நின்ற அவரைப் பார்த்து, "நீயும் அக்கா நொக்கான்னு இழுக்காத, ஊரு சிரிக்கும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் கூப்பிடச் சொல் இல்லை. அவர் வந்து வாசலில் நின்று "ஏனுங்க" என்பார். அம்மாவும் திரும்புவாள், நானும் திரும்புவேன். யாரைக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. "தண்ணி மோட்டரு ரிப்பேராம், பாக்கச் சொன்னாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போய்விடுவார். நான் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பேன்.

மாமா என்று சொல்ல இனி முடியாது. சித்தப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் நீங்கள் இருக்கிறீர்கள், அப்பா. அந்தச் சொல்லைச் சொல்கிறபோது பாதிக்குமேல் உங்களைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

குதிரானைப் பற்றி நான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் இப்போது அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

பாலக்காடு தாண்டி, திருச்சூருக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த மலை ஏற்றம் எனக்குக் கைக்குழந்தையிலிருந்தே தெரியும், பார்த்ததே இல்லை என்றாலும். நீங்கள் வரத் தாமதமானால் போனில் அம்மாவிடம் சொல்வது ஒரே வரி: "குதிரான் புடிச்சுக்கிட்டான்." நான் அது ஒரு ஆள் என்று நினைத்திருந்தேன். பெரிய மீசையும் முண்டாசுமாக, லாரியைப் பின்னாலிருந்து கயிறு போட்டு இழுத்துப் பிடிக்கிற ஆள். ஒன்றாம் வகுப்பில் அவனை வரைந்து உங்களிடம் காட்டினேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்தத் தாளை வண்டிக்குள் ஒட்டிவைத்தீர்கள். "இவன்தான் சாமி, இவனேதான்" என்றீர்கள்.

அப்புறம் குகை வந்தது. பேப்பரில் சுரங்கப்பாதை என்று போடுவார்கள், உங்களுக்கு எப்போதும் அது குகைதான். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சேதி கொண்டுவருவீர்கள். போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டைக் குகை. வெடி வைக்கிறார்கள், வேலை நடக்கும் நேரம் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். வெடியில் சுற்றுப்பக்கத்து வீட்டுச் சுவர்கள் விரிசல் விடுகின்றன என்று ஜனங்கள் சண்டை, வேலை நின்றுவிட்டது. மறுபடி தொடங்கிவிட்டது. "அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிஞ்சிருச்சாமா" என்று நீங்கள் வந்து சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. ஏதோ நீங்களே கடப்பாரை பிடித்துக் குடைந்த மாதிரி சொன்னீர்கள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் திறக்கவில்லை. வெள்ளம் வந்த வருஷம் மலை சரிந்து ரோடு அடைபட்டபோது, வேலை முடியாத குகைக்குள் அவசர வண்டிகளை மட்டும் விட்டார்களாம். "அப்ப போவலாம்னுதான அர்த்தம்? தொறந்து உடறதுக்கு என்ன?" என்று சோற்றுத்தட்டு முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டீர்கள், அம்மாதான் பூட்டி வைத்திருப்பது மாதிரி.

மேலே ஏற்றத்தில் ஒரு கோயில். சாஸ்தா கோயில். போகிற வண்டிக்காரர்கள் எல்லாம் ஓட்டிக்கொண்டே காசை வீசிவிட்டுப் போவார்கள். நீங்களும் வீசுவீர்கள். அம்மாவுக்கு அதில்தான் எரிச்சல். "ஞாயித்துக்கெழம உண்டியலுக்கு மட்டும் சில்லறை இருக்காது. காட்டுக்குள்ள வீசறதுக்கு இருக்குது." நீங்கள் அசரமாட்டீர்கள். "அந்தோணியாரு நம்மூட்டுக்குப் பக்கத்துலயே இருக்கறாரு. கோவிச்சுக்கிட்டா நேர்ல போயி சமாதானம் பண்ணிக்கலாம். சாஸ்தா மலைமேல இருக்கறவரு. அவருகிட்ட வெச்சுக்கக் கூடாது."

என்னிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தீர்கள். "குகை தொறந்த ஒடனே உன்னையத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போவேன். உள்ள போயி உன்ற பேரைச் சத்தமாக் கூப்புடறேன். மலை திருப்பிச் சொல்லும் பாரு. சிந்தா, சிந்தா, சிந்தான்னு." வகுப்பில் 'உள்ளேன்' சொல்லக்கூடத் தயங்குகிற பெண்ணின் பெயரை ஒரு மலையே சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு ஆசை.

அன்றைக்கு நல்ல மழை. ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. இதையெல்லாம் சேவியர் பின்னால் சொல்லித்தான் தெரியும். நெஞ்சைப் பிடிக்கிறது என்று நீங்கள் சொன்னபோது முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டியவரை லாரிதான். "இப்ப நகுந்துரும் மச்சான், இப்ப நகுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கிறார். அதற்கப்புறம் பைக்கில் வந்த ஒருவரை மறித்து, உங்களை நடுவில் உட்கார வைத்து, பின்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, லாரிகளின் இடுக்கு வழியாகவே இறங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது நீங்கள் இல்லை. வழியெல்லாம் குகை உங்களுக்குக் கீழேதான் பூட்டிக் கிடந்தது.

அங்கிருந்து அம்மாவுக்குப் போன் செய்தார். "அக்கா, குதிரான்ல மச்சான..." என்று தொடங்கினார். மழையில் சரியாகக் கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பெயர் மட்டும் கேட்டது. "புடிச்சுக்கிட்டானா? தெரிஞ்சதுதான. மெதுவாவே வாங்க, கொழம்பு சூடு பண்ணிக்கலாம்" என்றாள். அவர் "சரிங்க்கா" என்று வைத்துவிட்டார்.

சேவியர் போனில் சொல்லி அத்தை வந்து அழும்வரைக்கும், எங்கள் வீட்டில் அன்றைக்கு நீங்கள் வெறும் தாமதம்தான் அப்பா. குழம்பு அடுப்பு ஓரத்தில் இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு குகையைத் திறந்தார்கள். டிவியில் காட்டினார்கள். அம்மா எழுந்துபோய் அணைத்துவிட்டாள். அதற்கப்புறம் இன்னொன்றும் திறந்ததாகச் சொன்னார்கள். நம் ஊர் வண்டிகள் எல்லாம் இப்போது அதில்தான் போகின்றன. யாரையும் யாரும் பிடித்துவைப்பதில்லை.

இந்தப் புதன்கிழமை நான் அதற்குள் போய் வந்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர்தான் கேட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒருக்கா அந்த வழியில வந்து பாத்துருங்க, ரெண்டு பேரும். நான் பண்ணுனது எல்லாம் அங்கதான இருக்குது. பாத்துட்டு வேண்டாம்னாலும் சரிதான்." அம்மா உடனே கிளம்பிவிட்டாள். முட்டை லோடோடு போனோம். அவர் வேகத்தடையைப் பார்த்தால் பச்சைக்குழந்தை தூங்குகிற வண்டி மாதிரி ஏற்றி இறக்குகிறார். நீங்களும் அப்படித்தானாம். உங்களிடம்தான் கற்றாராம்.

வடக்கஞ்சேரி தாண்டியதும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கையில் எதையோ வைத்துக்கொண்டாள். பார்த்தால் ஒரு ஐந்து ரூபாய்க் காசு. எனக்குச் சிரிப்பு வந்தது. உண்டியலைச் சொல்லிச் சொல்லி உங்களைத் திட்டிய அம்மா.

வளைவு ஒன்று திரும்பியதும் மலை வந்தது. அதன் அடியில் குகை. நான் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டேன். உள்ளே போனதும் அழப்போகிறேன் என்று நினைத்தேன். அழத் தயாராகத்தான் இருந்தேன்.

அழவில்லை அப்பா. விளக்குகள் தலைக்குமேல் வரிசையாக ஓடிவந்தன. ஒன்றைப் பார்ப்பதற்குள் அடுத்தது. கூரையில் பெரிய பெரிய காற்றாடிகள் இரைந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ராட்டினத்தில் ஏறின மாதிரி. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். நீங்கள் செத்துப்போன மலைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு உங்கள் மகள் பல் தெரியச் சிரித்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் இது பாவமே இல்லை என்று சாமியார் சொல்லிவிடுவார். அது எனக்கு உதவாது.

அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கூரையைக் காட்டினார். "இதுக்கு மேலதான் நின்னோம்."

அம்மா அண்ணாந்து பார்த்தாள். "காசு போடற எடம்?"

"அதும் மேலதானுங்க. இங்க எங்க போடறது."

"பைக்குல வெச்சு எறக்குனீங்களே, அது?"

"எல்லாம் மேலதான்" என்றார். அவருக்குக் குரல் மாறிவிட்டது. "கொஞ்ச நேரம் காத்துட்டு இருந்துட்டேனுங்க. காத்திருக்காம மொதல்லயே எறக்கியிருந்தா..."

அம்மா அவர் தோளில் கை வைத்தாள். நான் உங்களுக்காக வைத்திருந்த இடத்தில்தான் அந்தக் கை இருந்தது. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். வரவில்லை.

அப்போதுதான் அதைச் செய்தேன். நீங்கள் என் பெயரைக் கூப்பிடுவதாகச் சொன்ன அதே இடத்தில், காற்றாடி இரைச்சலுக்குள் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், தறிச் சத்தத்தில் பேசிப் பழகின வாயால், மெதுவாக "சித்தப்பா" என்று சொல்லிப் பார்த்தேன்.

மலை திருப்பிச் சொல்லவில்லை. அங்கே எதிரொலியெல்லாம் இல்லை அப்பா, இரைச்சல் மட்டும்தான். நீங்கள் வந்திருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பீர்கள். அடுத்த நொடி வெளியே வெயில். அவ்வளவுதான் குகை. நீங்கள் அத்தனை வருஷம் காத்திருந்த குகைக்குள் உங்களை ஒழுங்காக நினைத்துப் பார்க்கக்கூட நேரம் இல்லை.

அம்மா காசை என் கையில் கொடுத்தாள். "நீயே வெச்சுக்க. எப்பவாச்சும் மேல போவோம்" என்றாள்.

டீ குடிக்க நிறுத்தியபோது அம்மா முகம் கழுவப் போனாள். அவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "உள்ள ஏதோ சொன்னாப்பல இருந்துச்சு பாப்பா. சத்தத்துல கேக்கல" என்றார்.

பின்சக்கரத்தில் சின்னக் கல் மாட்டினால் கேபினிலிருந்தே கண்டுபிடிக்கிறவர் அவர். கேட்காமல் இருக்குமா? கேட்டிருக்கும். நான் இன்னொரு தடவை சொல்கிறேனா என்றுதான் பார்த்தார்.

நான் "ஒன்னுமில்லீங்க" என்றேன்.

"சரி சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த டயருக்குப் போய்விட்டார். அந்த டயரை வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல்லைச் சொன்னபோது உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டதாக இருந்தது. சொல்லவில்லை என்றபோது அவருக்குச் செய்துவிட்டேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "புள்ளைக்கு மனசு ஒப்பலீங்க. வற்புறுத்த வேண்டாம். ஞாயித்துக்கெழம அது எந்திரிச்சுப் போனாலும் நீங்க கோவிச்சுக்காதீங்க." பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வெளியே வந்து, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான்கு எட்டு வைத்தால் சமையலறை. வைக்கவில்லை.

எங்கள் கோயில் பங்கு இதழுக்கு, இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி மடத்துச் சிஸ்டர் கேட்டார். எல்லாரும் எழுதுகிறார்கள், நீயும் எழுது என்றார். வாயால் சொல்ல முடியாததை எழுதலாமே என்று உட்கார்ந்தேன். எழுதி முடிக்கப்போகிற நேரத்தில்தான் ஒன்று உறைக்கிறது. இதையும் சத்தத்துக்குள் சொல்கிற மாதிரிதான் செய்துகொண்டிருக்கிறேன். தறிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், காற்றாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், இப்போது காகிதத்துக்குப் பின்னால். அம்மாவும் அவரும் இதழைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டால், அது இன்னொரு "ஒன்னுமில்லீங்க"தான்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்களை அணைத்துப் பிடித்துக்கொண்டு அந்த மலையிலிருந்து இறங்கினவரை, நீங்களே ஏதாவது முறை சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்குத்தான் முறை வைப்பது அவ்வளவு சுலபமாயிற்றே.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இதழைக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் மூன்றாம் ஓலை வாசிப்பார்கள். 'மரித்த ஆரோக்கியசாமியின்' என்று வரும்போது நான் மறுபடியும் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் எழுந்து போகமாட்டேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். அவர் எப்போதும் கடைசியாகத்தான் வெளியே வருவார், செருப்பைத் தேடிக்கொண்டு. படியில் அத்தனை ஜனம் நிற்கும். அங்கே நின்று, ஒளிந்துகொள்ள எந்த இரைச்சலும் இல்லாத இடத்தில், குகைக்குள் சொன்ன அதே சொல்லால் நான் அவரைக் கூப்பிடுகிறேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அப்புறம் ஒருநாள் மூன்று பேருமாகப் பழைய ரோட்டில் ஏறி, நீங்கள் நின்ற வளைவைப் பார்த்துவிட்டு, அம்மாவின் காசை மலைமேல் இருக்கிறவருக்குப் போட்டுவிட்டு வருவோம். அந்தோணியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை அப்பா. மலை திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் திரும்பினால் போதும்.

அப்பா என்று உங்களை மட்டும் கூப்பிடும் உங்கள் மகள்,
சிந்தா